வெளிநாட்டு வீட்டில் தங்கிக் குழந்தை பார்க்கும் வேலை: மண்டபம் பக்கத்துத் தங்கைக்கு ஒரு பதில்

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், படிக்கிற மற்றவர்களுக்கும் புரியும். மண்டபம் பக்கத்துக் கடற்கரை ஊர். வயது 28, பிளஸ் டூ பாஸ். சென்னையில் ஒரு டாக்டர் வீட்டில் மூன்று வருடம் தங்கி இரட்டைக் குழந்தைகளைப் பார்த்துக்கொண்டவர். ஆறு வயதுப் பையன் அம்மாவிடம் இருக்கிறான். வெளிநாட்டில் இதே வேலைக்குப் போக நினைக்கிறார். ஊரில் ஒரு ஏஜென்ட், "விசிட் விசாவில் துபாய் போய் இறங்கு, அங்கிருந்து குவைத்தில் அரபு வீட்டுக்கு மாற்றி விடுகிறேன், எண்பதாயிரம் கொடு" என்கிறாராம். கனடாவில் ஒரு குடும்பம் மெயில் வேறு அனுப்பியிருக்கிறதாம். கடலில் பாசி எடுக்கப் போகும் சித்தியும் (வயது 36, ஆறாவது வரை படிப்பு) கூட வர ஆசைப்படுகிறார். விண்ணப்பம் எப்படி எழுதுவது, எங்கே தேடுவது, ஏஜென்ட் இல்லாமல் முடியுமா?

அந்தக் கனடா மெயிலை முதலில் அழித்துவிடுங்கள். வீட்டோடு தங்கிக் குழந்தையோ முதியவரையோ பார்த்துக்கொள்ளும் திட்டம் ஒன்று கனடாவில் உண்மையாகவே இருந்தது. 1992-ல் தொடங்கிய அதை 2014 நவம்பரோடு புதியவர்களுக்கு மூடிவிட்டார்கள். பின்னால் வந்த திட்டங்களில் வீட்டிலேயே தங்க வேண்டும் என்ற நிபந்தனை கிடையாது. ஆனால் மோசடிக்காரர்கள் அந்தப் பழைய பெயரை இன்னும் விடவில்லை. அடையாளம் எல்லா மெயிலிலும் ஒன்றுதான்: சம்பளம் கண்ணைப் பறிக்கும், இரண்டு அழகான குழந்தைகளின் படம் இருக்கும், நேர்காணலே இருக்காது, நான்காவது மெயிலில் ஒரு 'வக்கீல்' வந்து விசா செலவு கேட்பார். கனடாவில் வெளிநாட்டு ஆளை எடுக்க வேண்டிய எல்.எம்.ஐ.ஏ அனுமதிக்கான கட்டணத்தை வேலை தருபவர்தான் கட்ட வேண்டும், அதைத் தொழிலாளியிடம் வசூலிக்கக் கூடாது என்பது அங்குள்ள சட்டம். அதெல்லாம் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. பெற்ற பிள்ளையை முகம்கூடப் பார்க்காத ஒருத்தியிடம் ஒப்படைக்க எந்த அம்மா சம்மதிப்பாள்?

அடுத்து அந்த விசிட் விசா. வேண்டவே வேண்டாம். விசிட் விசாவில் இறங்கும் பெண்ணுக்கு அந்த நாட்டில் வேலைக்கான பதிவு எதுவும் இருக்காது. கையெழுத்தான ஒப்பந்தம் எந்த அலுவலகத்திலும் இருக்காது. சம்பளம் தரவில்லை என்று புகார் செய்யப் போனால், முதல் கேள்வியே "நீ எந்த விசாவில் இங்கே வேலை செய்கிறாய்" என்பதாக இருக்கும். நம் பக்கத்தில் கீழக்கரை, பெரியபட்டினம், தொண்டி என்று எந்த ஊரை எடுத்தாலும் வீட்டுக்கு ஒருவர் வெளிநாட்டில் இருக்கிறார். அதனால் ஏஜென்ட் வெளியாளாக வருவதில்லை, தெரிந்தவரின் மச்சானாகவோ கூடப் படித்தவளின் அண்ணனாகவோதான் வருவார். அதை வைத்து நம்பாதீர்கள். மத்திய அரசின் இமைகிரேட் தளத்தில் பதிவு பெற்ற ஏஜென்ட்களின் பட்டியல் இருக்கிறது. அதில் பெயர் இருக்கிறதா, உரிமம் நடப்பில் இருக்கிறதா என்று பாருங்கள். பதிவு பெற்ற ஏஜென்ட் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாய், அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி. கூட்டினால் 35,400. அதற்கு ரசீது தர வேண்டும். 'நான் அவருடைய ஆள்' என்று ஊருக்குள் சுற்றும் உப ஏஜென்ட்டுக்குச் சட்டத்தில் இடமே இல்லை.

சரி, இப்போது உங்கள் பாஸ்போர்ட்டை எடுத்து, அப்பா அம்மா பெயர் இருக்கும் பக்கத்தைப் பாருங்கள். 'இசிஆர்' என்று அச்சாகியிருந்தால், குடியேற்ற அனுமதி பெற்றுத்தான் சில நாடுகளுக்கு வேலைக்குப் போக முடியும் என்று பொருள். எதுவும் இல்லையென்றால் அந்தத் தடை உங்களுக்கு இல்லை. பத்தாவது பாஸ் செய்தவருக்கு இசிஆர் வரக் கூடாது. ஆனால் விண்ணப்பிக்கும்போது பத்தாவது சான்றிதழ் வைக்காமல் விட்டவர்களுக்கு வந்துவிடுகிறது. அப்படி இருந்தால் மதுரை மண்டலப் பாஸ்போர்ட் அலுவலகத்தின் கீழ் மறு வழங்கலுக்குப் போட்டு மாற்றிக்கொள்ளுங்கள். பெயரில் இன்ஷியல் எப்படி விரிகிறது, பிறந்த தேதி பள்ளிச் சான்றிதழோடு ஒத்துப்போகிறதா என்பதையும் அதே மூச்சில் சரிபார்த்துவிடுங்கள். இந்த இரண்டில்தான் நம் ஊர்ப் பெண்களின் விண்ணப்பம் அதிகம் சிக்குகிறது.

சித்தியின் கதை வேறு. பத்தாவது இல்லாததால் அவருக்கு இசிஆர் பாஸ்போர்ட்தான் வரும். குவைத், சவூதி, அமீரகம், ஓமன், கத்தார், பஹ்ரைன், மலேசியா உட்பட 18 நாடுகள் இசிஆர் பட்டியலில் இருக்கின்றன. அந்த நாடுகளுக்கு வீட்டு வேலைக்குப் போகும் இசிஆர் பெண்ணுக்கு 30 வயது நிறைந்திருக்க வேண்டும். அது அவருக்குச் சரி. ஆனால் 2016 முதல் இப்படிப்பட்ட பெண்களைத் தனியார் ஏஜென்ட் அனுப்பக் கூடாது, அரசு நிறுவனங்கள்தான் அனுப்பலாம். தமிழ்நாட்டில் அது சென்னை கிண்டியில் இருக்கும் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம். 1978-ல் மாநில அரசு தொடங்கியது. வளைகுடா நாடுகளுக்கு வீட்டுப் பணிப்பெண்கள் தேவை என்று அவ்வப்போது அறிவிப்பு வெளியிடுவார்கள். ஆக, சித்தியிடம் எந்தத் தனியார் ஏஜென்ட் "நான் குவைத்துக்கு அனுப்புகிறேன்" என்று சொன்னாலும், சட்டப்படி அவரால் முடியாத ஒன்றைத்தான் சொல்கிறார். இரண்டு பேரும் ஒன்றாகவே போக வேண்டும் என்ற எண்ணத்தை விட்டுவிடுங்கள். இரண்டு பேருடைய வழியும் வேறு வேறு.

உங்களுக்கு எந்த நாடு? என்னைக் கேட்டால் முதலில் சிங்கப்பூர். சம்பளம் அதிகம் என்பதற்காகச் சொல்லவில்லை, ஹாங்காங்கில் அதைவிட நன்றாகவே கிடைக்கும். விதிகள் தெளிவாக இருக்கின்றன, தமிழ்க் குடும்பங்கள் நிறைய இருக்கின்றன, திருச்சியிலிருந்து நேரடி விமானம் இருக்கிறது. அங்கே வீட்டுப் பணிப்பெண்ணுக்கான தகுதி 23 வயது முதல் 50-க்குள், குறைந்தது எட்டு வருடப் பள்ளிப் படிப்பு. (சித்தி இங்கேயே விழுந்துவிடுகிறார்.) உங்களுக்காக அரசாங்கத்திடம் 5,000 சிங்கப்பூர் டாலர் பிணை கட்டுவது முதலாளியின் பொறுப்பு, மாத வரியும் அவருடையது. சிங்கப்பூர் ஏஜென்சி உங்களிடம் வாங்கக்கூடிய கட்டணம் ஒப்பந்த வருடம் ஒன்றுக்கு ஒரு மாதச் சம்பளம், மொத்தத்தில் இரண்டு மாதச் சம்பளத்துக்கு மேல் போகக் கூடாது. ஆனால் இந்தியாவில் ஆன செலவு என்று தனியாக ஒரு கடன் கணக்கு எழுதி, முதல் சில மாதச் சம்பளத்தில் பிடிப்பார்கள். எத்தனை மாதம், மாதம் எவ்வளவு பிடித்தம், கையில் எவ்வளவு வரும் என்று எழுத்தில் வாங்குங்கள். 2023 ஜனவரி முதல் மாதம் ஒரு ஓய்வு நாளாவது கட்டாயம். அதற்குப் பதில் பணம் கொடுத்துச் சரிக்கட்ட முடியாது.

ஹாங்காங்கில் வீட்டோடு தங்குவதுதான் சட்டம், ஒப்பந்தம் இரண்டு வருடம், ஏழு நாளுக்கு ஒரு ஓய்வு நாள். குறைந்தபட்சச் சம்பளத்தை அரசே அறிவிக்கிறது. 2024 செப்டம்பர் இறுதியில் அது 4,990 ஹாங்காங் டாலராக இருந்தது, நம் பணத்தில் ஐம்பதாயிரத்துக்கு மேல். ஏஜென்சி உங்களிடம் வாங்கக்கூடியது முதல் மாதச் சம்பளத்தில் பத்து சதவீதம் மட்டுமே. நிபந்தனை என்னவென்றால், வீட்டு வேலையில் இரண்டு வருட அனுபவத்தைக் காகிதத்தில் காட்ட வேண்டும். உங்கள் மூன்று வருடம் இங்கே தங்கம். அந்த ஒப்பந்தத்தில் எனக்குப் பிடித்த ஒரு பகுதி உண்டு. வீடு எத்தனை சதுர அடி, எத்தனை பெரியவர்கள், ஐந்து வயதுக்குள் எத்தனை குழந்தைகள், இனி பிறக்கப்போகும் குழந்தை உண்டா, பணிப்பெண் எங்கே படுப்பார் என்று முதலாளி நிரப்பிக் கையெழுத்துப் போட வேண்டும். எந்த நாட்டுக்குப் போவதாக இருந்தாலும் இந்தக் கேள்விகளை அப்படியே எடுத்துக் கேளுங்கள்.

வளைகுடாவில் அமீரகத்துக்கு 2022-ல் வீட்டுப் பணியாளருக்கென்று புதிய சட்டம் வந்தது. வாரம் ஒரு நாள் ஓய்வு, ஒரு நாளில் 12 மணி நேர ஓய்வு (அதில் எட்டு மணி நேரம் தொடர்ச்சியாக), வருடம் 30 நாள் விடுப்பு, பாஸ்போர்ட் உங்கள் கையில், ஆளெடுக்கும் செலவு முதலாளி தலையில். குவைத்திலும் 2015-ல் இருந்து தனிச் சட்டம் இருக்கிறது. சட்டம் ஏட்டில் நன்றாகத்தான் இருக்கிறது. கதவு சாத்தியபின் உள்ளே நடப்பது கஃபீலை, அதாவது உங்களுக்கு விசா எடுத்துத் தரும் முதலாளியை, பொறுத்தது. துபாயிலோ ஷார்ஜாவிலோ உங்களுக்குத் தெரிந்த குடும்பம் மூலம் ஒரு தமிழ் அல்லது மலையாளி வீட்டில் கிடைத்தால், வேலை விசா கையில் வந்தபின் போகலாம். முன்பின் தெரியாத அரபு வீட்டுக்கு, மொழி தெரியாமல், முதல் பயணமாகப் போகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஐரோப்பாவில் 'ஓ பேர்' என்று ஒன்று உண்டு: குடும்பத்தோடு தங்கிக் குழந்தை பார்த்துக்கொண்டு மொழி படிப்பது. ஜெர்மனியில் விண்ணப்பிக்கும்போது 27 வயது ஆகியிருக்கக் கூடாது, அடிப்படை ஜெர்மன் தெரிய வேண்டும், கைச்செலவுக்கு மாதம் 280 யூரோதான். அமெரிக்காவில் 26 வயது வரை. உங்களுக்கு வயது தாண்டிவிட்டது. கல்லூரி முடித்த தங்கை யாராவது இருந்தால் சொல்லுங்கள். பிரிட்டனில் இப்போது புதிதாக ஒரு ஆயாவை இந்தியாவிலிருந்து எடுக்க விசாவே இல்லை. ஏற்கெனவே ஒரு வருடமாவது வேலை செய்த முதலாளியோடு சேர்ந்து போனால் ஆறு மாதம் இருக்கலாம், அவ்வளவுதான். 'லண்டனில் நேனி வேலை' என்று விளம்பரம் பார்த்தால் அடுத்த பக்கம் புரட்டுங்கள்.

இப்போது விண்ணப்பத்துக்கு வருவோம். எழுதத் தொடங்கும் முன் ஒன்றை மனதில் வையுங்கள். அந்த வீடு உங்களைத் தேர்ந்தெடுக்கிற மாதிரி நீங்களும் வீட்டைத் தேர்ந்தெடுக்கிறீர்கள். ஆபீஸ் வேலையென்றால் சாயங்காலம் வெளியே வந்துவிடலாம். இது தூங்குகிற இடமே வேலை செய்கிற இடம். அதனால் எல்லா வீட்டுக்கும் பிடிக்கிற மாதிரி எழுதாதீர்கள். ஒத்துவராத வீடு படித்த உடனே விலகிப்போகிற மாதிரி எழுதுங்கள்.

நம் பெண்கள் கொண்டுவரும் விண்ணப்பத்தில் முதல் வரி பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்: "நான் நேர்மையானவள், கடின உழைப்பாளி, குழந்தைகள் என்றால் எனக்கு உயிர்." ஒரு ஏஜென்சி மேசையில் இருக்கும் அத்தனை விண்ணப்பத்திலும் இதே வரிதான். பிரவுசிங் சென்டர்க்காரர் போன மாதம் வேறு யாருக்கோ அடித்ததைப் பெயர் மாற்றிக் கொடுத்திருப்பார். அதற்குப் பதில் உங்கள் மூன்று வருடத்தை இப்படி எழுதிப் பாருங்கள்:

"2021 ஜூன் முதல் 2024 மே வரை சென்னையில் ஒரு மருத்துவர் வீட்டில் தங்கி இரட்டைக் குழந்தைகளைப் பார்த்துக்கொண்டேன். சேர்ந்தபோது அவர்களுக்கு நான்கு மாதம், கிளம்பியபோது மூன்றேகால் வயது. பெற்றோர் இருவருக்கும் இரவு டியூட்டி வரும் நாட்களில் இரண்டு பேரையும் நானே தூங்க வைத்தேன். பாட்டில் கொதிக்க வைப்பது, ஆறு மாதத்துக்குப் பின் திட உணவு தொடங்கியது, டாய்லெட் பழக்கியது என் பொறுப்பு. அந்த வீட்டில் சமையலுக்குத் தனி ஆள் இருந்தார். குழந்தைகளுக்கான சமையல் மட்டும் நான் செய்தேன்."

வருடமும் மாதமும் உங்களுடைய சரியான கணக்குக்கு மாற்றிக்கொள்ளுங்கள். இதில் பெருமை அடித்துக்கொள்ளும் சொல் ஒன்றுகூட இல்லை. ஆனால் படிக்கிற அம்மாவுக்கு, கைக்குழந்தை பழக்கம், இரவு விழிப்பு, ஒரே நேரத்தில் இரண்டு குழந்தைகளைச் சமாளிப்பது என்று எல்லாம் தெரிந்துவிடும். கடைசி வரியை எடுத்துவிடச் சிலர் சொல்வார்கள். எடுக்காதீர்கள். ஆறு பேருக்கு மூன்று வேளை சமைத்து, கார் கழுவி, நடுவில் குழந்தையையும் பார்த்துக்கொள்ள ஆள் தேடும் வீடு அந்த வரியைப் படித்ததும் வேறு ஆளைத் தேடிப் போகும். போகட்டும்.

சிங்கப்பூர் ஏஜென்சிகள் பயோடேட்டா என்று ஒரு படிவம் வைத்திருப்பார்கள். சொந்த விவரம், பழைய நோய், மாட்டிறைச்சி பன்றி இறைச்சியைக் கையாளுவீர்களா, ஓய்வு நாள் எத்தனை வேண்டும் என்பது முதல் பகுதி. கைக்குழந்தை, முதியவர், ஊனமுற்றவர், வீட்டு வேலை, சமையல் ஒவ்வொன்றிலும் விருப்பம் உண்டா, அனுபவம் எத்தனை வருடம் என்பது அடுத்தது. அப்புறம் வேலை செய்த வீடுகளின் விவரம். ஏஜென்சிக்காரர் எல்லாக் கட்டத்திலும் 'ஆம்' என்று டிக் அடித்துவிடுவார், அப்போதுதான் சீக்கிரம் விலைபோகும் என்று. படிவத்தை நீங்களே நிரப்புங்கள், அல்லது நிரப்பியதை வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். படுத்த படுக்கையாய் இருக்கும் பெரியவரைத் தூக்கித் துடைக்கும் வேலைக்கு 'அனுபவம் உண்டு' என்று அதில் இருந்தால், அங்கே போனபின் "எனக்குத் தெரியாது" என்று சொல்ல முடியாது. அதே படிவத்தில் உங்களுக்கு எத்தனை பிள்ளைகள் என்று ஒரு கட்டம் இருக்கும். பையனை மறைக்க வேண்டாம். தாயாக இருப்பது இந்த வேலையில் பலம்தான். மறைத்தால், ஒரு நாள் இரவு அவனோடு வீடியோவில் பேசும்போது தெரிந்துவிடும்.

நம் கடற்கரைக்காரர்கள் எழுத மறக்கும் ஒரு விஷயம் நீச்சல். சித்தி மாதிரி கடலில் இறங்கிப் பாசி எடுத்துப் பழகியவர்கள் அதை ஒரு தகுதியாகவே நினைப்பதில்லை. சிங்கப்பூரில் அடுக்குமாடிக் குடியிருப்புகள் பலவற்றில் நீச்சல் குளம் இருக்கும். இரண்டு வயதுக் குழந்தை வைத்திருக்கும் வீட்டுக்கு, நீந்தத் தெரிந்த ஆயா கிடைப்பது பெரிய நிம்மதி. உங்களுக்கும் தெரியுமென்றால் ஒரு வரி சேருங்கள். தமிழ் பேசுவதையும் சேருங்கள். பேரப்பிள்ளையோடு தமிழில் பேசவும் பாடவும் ஒருவர் வேண்டும் என்று தேடும் குடும்பங்கள் அங்கே உண்டு.

ஆங்கிலத்தில்தான் விண்ணப்பம் போக வேண்டியிருக்கும். முதலில் தமிழில் உங்கள் வாயால் சொல்வது போல எழுதுங்கள், பிறகு பள்ளி டீச்சர் யாரிடமாவது கொடுத்து எளிய ஆங்கிலமாக மாற்றுங்கள். பெரிய வார்த்தைகள் வேண்டாம். எழுதியிருக்கும் ஆங்கிலத்துக்கும் போனில் வரும் ஆங்கிலத்துக்கும் எட்டாத தூரம் இருந்தால் சந்தேகம்தான் வரும். போட்டோ வெளிச்சமான சுவர் முன்னால், முகம் தெளிவாக, சாதாரண சுடிதாரில் இருக்கட்டும். ஸ்டுடியோவில் கம்ப்யூட்டரில் கோட்டு மாட்டிவிட வருவார்கள், வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். பழைய வீட்டுக் குழந்தைகளின் படத்தைப் பெற்றோர் அனுமதி இல்லாமல் வைக்காதீர்கள். அதைப் பார்க்கும் அம்மா, நாளைக்கு என் பிள்ளை படமும் இப்படித்தான் போகும் என்று நினைப்பார். ஆதார் எண்ணையும் பாஸ்போர்ட் எண்ணையும் விண்ணப்பத்தில் எழுதவே கூடாது.

டாக்டர் அம்மாவிடம் ஒரு கடிதம் வாங்குங்கள். 'நல்ல பெண்' என்று இரண்டு வரி எழுதிக் கொடுப்பார்கள், அது போதாது. சேர்ந்த தேதி, விலகிய தேதி, தங்கியிருந்தது, குழந்தைகளின் வயது, என்னென்ன செய்தீர்கள், ஏன் விலகினீர்கள், யாராவது கூப்பிட்டால் பேசத் தயார் என்று அவருடைய எண். நீங்களே ஒரு நகல் எழுதிக் கொண்டுபோனால் அவருக்கும் சுலபம். சம்பளம் வங்கியில் வந்திருந்தால் அந்த ஸ்டேட்மென்ட்டையும் எடுத்து வையுங்கள், அனுபவத்துக்கு அதைவிட நல்ல சாட்சி இல்லை. முதலுதவிப் பயிற்சிச் சான்றிதழ் ஒன்றும் சேர்த்துக்கொள்ளுங்கள். செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ், செஞ்சிலுவைச் சங்கம் போன்றவை நடத்துகின்றன. தொண்டையில் எதாவது அடைத்த குழந்தைக்கு என்ன செய்ய வேண்டும் என்பதைப் பொம்மையில் செய்து பழகியிருந்தால், நேர்காணலில் பதில் தானாக வரும்.

தேடுவதைப் பொறுத்தவரை, சிங்கப்பூர் ஏஜென்சிகளின் உரிமத்தை அங்குள்ள மனிதவள அமைச்சின் தளத்திலும், ஹாங்காங் ஏஜென்சிகளை அங்குள்ள தொழிலாளர் துறைத் தளத்திலும் பார்த்துக்கொள்ளலாம். ஏஜென்ட் இல்லாமலும் முடியும். ஹெல்பர்பிளேஸ் போன்ற தளங்களில் வேலை தேடுபவர் நேரடியாகப் பதிந்து குடும்பங்களோடு பேசலாம். அங்கேயும் போலிகள் நுழைவார்கள், பணம் கேட்டால் பேச்சை முடித்துவிடுங்கள். எல்லாவற்றையும்விடப் பலிப்பது, ஏற்கெனவே அங்கே வேலை செய்யும் நம் ஊர்ப் பெண் ஒருத்தி தன் முதலாளியின் தோழிக்குச் சொல்லி வைப்பது.

நேர்காணல் வீடியோவில் நடக்கும். சிக்னல் நன்றாக இருக்கும் இடத்தை முந்தின நாளே பார்த்து வையுங்கள். பக்கத்தில் ஏஜென்டோ அண்ணனோ உட்கார்ந்து பதிலை எடுத்துக் கொடுக்கக் கூடாது, திரையில் அது நன்றாகவே தெரியும்.

அங்கே விழும் கேள்விகளில் முக்கியமானது, "குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் என்ன செய்வாய்?" நம் வீட்டில் நாம் என்ன செய்வோமோ அதைச் சொன்னால் வேலை போய்விடும். அவர்கள் கேட்க விரும்புவது: தெர்மாமீட்டரில் பார்ப்பேன், எத்தனை டிகிரி என்று எழுதிக்கொண்டு உடனே அம்மாவைக் கூப்பிடுவேன், அவர்கள் சொல்லாமல் எந்த மருந்தும் கொடுக்க மாட்டேன். அதே போல ஒரு வயதுக்குள் தேன் கொடுக்கக் கூடாது, சின்னக் குழந்தையை மல்லாக்கப் படுக்க வைக்க வேண்டும், காதிலும் மூக்கிலும் எண்ணெய் விடக் கூடாது. நம் பாட்டிமார் சேனை தொட்டு வைத்து வளர்த்தார்கள், சரிதான், ஆனால் அதை அந்த வீட்டில் வாயே திறக்காதீர்கள். வேர்க்கடலை அலர்ஜி பற்றி நீங்களாகவே "குழந்தைக்கு எதாவது ஒத்துக்காதா மேடம்?" என்று கேட்டால், அந்த ஒரு கேள்வி பத்துச் சான்றிதழுக்குச் சமம்.

"உன் பிள்ளையை விட்டுவிட்டு இருப்பாயா?" என்றும் கேட்பார்கள். அழுதுவிடாதீர்கள், கல்லாகவும் இருக்காதீர்கள். அம்மா பார்த்துக்கொள்கிறார், பள்ளிக்கூடம் பக்கம், தினமும் இரவு இத்தனை மணிக்குப் பத்து நிமிடம் பேசிக்கொள்கிறேன் என்று ஏற்பாட்டைச் சொல்லுங்கள். இதிலேயே போன் பேசும் நேரமும் பேசி முடிந்துவிடும்.

பிறகு உங்கள் முறை. எங்கே படுப்பேன், குழந்தையோடு அதே அறையிலா? இரவு எத்தனை தடவை எழும்? குழந்தை பள்ளிக்குப் போகும் நேரத்தில் என்ன வேலை? வீட்டில் யார் யார் இருக்கிறார்கள்? கேமரா எங்கெங்கே இருக்கிறது? முன்னால் இருந்த பெண் ஏன் போனார்? கடைசிக் கேள்விக்கு அவர்கள் முகம் எப்படி மாறுகிறது என்று பாருங்கள். வெறுப்போடு திட்டித் தீர்த்தால் அடுத்த வருடம் உங்களைப் பற்றியும் அப்படித்தான் பேசுவார்கள். "இதைக் கேட்க நீ யார்" என்ற தோரணை வந்தால் அந்த வீடு வேண்டாம், சம்பளம் எவ்வளவாக இருந்தாலும்.

மாடி ஜன்னலைப் பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் நம் ஊர்ப் பெண்கள் பதினைந்தாவது மாடியில் இருந்து பழகியிருக்க மாட்டார்கள். சிங்கப்பூரில் ஜன்னலின் வெளிப்பக்கத்தைத் துடைக்க வேண்டுமென்றால் கிரில் பூட்டியிருக்க வேண்டும், முதலாளியோ வேறு பெரியவரோ கூட இருக்க வேண்டும். இது விதி. போய் இறங்கிய மூன்று வேலை நாளுக்குள் நடக்கும் ஒரு நாள் வகுப்பில் இதையெல்லாம் தாய்மொழியிலேயே சொல்லித் தருவார்கள். "அதெல்லாம் வேண்டாம், நேரே வேலைக்கு வா" என்று யாரும் சொல்ல முடியாது.

சிங்கப்பூர் என்றால், கிளம்பும் முன் வேலை அனுமதிக் கடிதத்தின் நகல் உங்கள் கைக்கு வர வேண்டும். அதில் மாதச் சம்பளம் எழுதியிருக்கும். வாயால் பேசிய தொகையும் அதுவும் ஒன்றா என்று பாருங்கள். "உன் சம்பளத்தை நானே பத்திரமாக வைத்திருக்கிறேன்" என்று முதலாளி வைத்துக்கொள்ள 2019 முதல் அங்கே அனுமதி இல்லை. பாஸ்போர்ட்டையும் அவர் வாங்கி வைத்துக்கொள்ளக் கூடாது. ஒப்பந்தம், விசா, பாஸ்போர்ட், முதலாளி முகவரி எல்லாவற்றையும் படம் எடுத்து அம்மா போனிலும் இன்னொருவர் போனிலும் போட்டு வையுங்கள். வெளியுறவுத் துறையின் இலவச உதவி எண் 1800 11 3090, புகாருக்கு மதத் என்ற தளம். ஊரில் இருக்கும் குடும்பத்தார் திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுக்கலாம். மாநில அரசின் அயலகத் தமிழர் நலத் துறையும் இருக்கிறது. எங்கே போனாலும் முதலில் கேட்பது பாஸ்போர்ட் நகலும் முதலாளி முகவரியும்தான்.

சித்தி அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்தில் பதிந்துவிட்டுக் காத்திருக்கட்டும். அவர் வழியில் போனால் குடியேற்ற அனுமதியோடு, இரண்டு வருடத்துக்கு 275 ரூபாய் பிரீமியம் கட்டி பத்து லட்சம் ரூபாய்க் காப்பீடும், கிளம்பும் முன் ஒரு நாள் இலவசப் பயிற்சியும் கிடைக்கும். அதற்குள் அவருக்கு இங்கேயே ஒரு வீட்டில், ராமநாதபுரத்திலோ மதுரையிலோ, குழந்தை பார்த்த அனுபவம் ஒரு வருடமாவது சேர்ந்தால் நல்லது. நீங்கள் இந்த வாரம் டாக்டர் அம்மாவுக்குப் போன் போட்டு அந்தக் கடிதத்தைக் கேளுங்கள். விண்ணப்பத்தைத் தமிழில் எழுதி முடித்ததும் அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.